செவுள் பார்த்தல்

கம்பெனி பேரைச் சொல்ல மாட்டேன்.
சொன்னால் யூஜினுக்கு மறுபடி பிரஷர் ஏறும்.

தடைக்காலம் தொடங்கி இரண்டாம் நாள்.
காசிமேட்டில் விசைப்படகுகள்
விலாவோடு விலா உரசிச் சும்மா நின்றன.
யூஜினின் ஐஸ் பேக்டரியில் மோட்டார் ஓடவில்லை,
மாடி அறையில்
ஒருவர் மூச்சு விட்டால் மற்றவருக்குக் கேட்டது.

மிண்ட் தெரு அடகுக்கடையை மகனிடம் விட்டுவிட்டு
ஜெயந்திலால்.
எம்.சி. ரோட்டில் இரண்டு கடைவாய்ப் பற்களை
நாளைக்குத் தள்ளிவைத்துவிட்டு
டாக்டர் மெஹருன்னிசா.
துறைமுகத்தில் பதினோரு கன்டெய்னரை
மறந்துவிட்டு நான்.

மதியம் இரண்டு. ஜெனீவாவில் காலை பத்தரை.

ஒரு வருஷம் காத்திருந்தோம்.
அளவைக் குறைப்பார்கள் என்றார் ஜெயந்திலால்.
அந்தத் தேதி ஜன்னலை அடைப்பார்கள் என்றேன் நான்,
நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே கோணலாக,
பரு மாதிரி.
சாவி கொடுக்கிற வாட்ச், மெலிசாக, இந்தக் கைக்கு
என்று மெஹர் தன் மணிக்கட்டைக்
கட்டைவிரலாலும் சுண்டுவிரலாலும்
வளைத்துக் காட்டியிருந்தார்
போன ரம்ஜானுக்கே.

டி.வி.யில் இருட்டு. பியானோ.
இருட்டிலிருந்து மெதுவாகத் திரும்பி வந்தது
போன வருஷ வாட்ச்.
பச்சை டயல்.

அவ்வளவுதானா என்று யாரோ கேட்டோம்.
அவ்வளவு இல்லை,
விலையும் ஏறியிருந்தது
ஒரு புது ஆட்டோ அளவுக்கு.
தேதி ஜன்னல் அப்படியே,
அதற்கு இப்போது ஒரு தங்க விளிம்பு.
பெண்களுக்கென்று தனியாக ஒன்று:
அதே பச்சையைச் சுற்றி வைரம்.
"நமக்கு மணி பாக்கத் தெரியாது,
மின்னினாப் போதும்னு நினைச்சிட்டான்"
என்று மெஹர் சமோசாவின் மூலையை
வேரோடு பிடுங்கினார்.

ஜெயந்திலால் கால்குலேட்டரை எடுத்தார்.
இது அடகுக்கு வந்தால் எவ்வளவு தருவார்
என்று தட்டிப் பார்த்தார்.
எங்களிடம் காட்டாமல் அழித்தார்.

யூஜின்தான் எழுந்தான்.
ஏலக்கரையில் வளர்ந்தவன்,
திரைக்கு அருகில் போய்
வாட்சின் காதோரம் விரலை வைத்தான்.
"செவுளத் தூக்கிப் பாரு. செவப்பு இருக்கா?
பழைய மீனுக்குப் பெயிண்ட் அடிச்சி புதுசுன்றான்.
எங்க கரையில இத வித்தா
கூடையோட கடல்ல தள்ளுவாளுங்க."

இந்த வருஷம் ஒருத்தரும் வாங்கக் கூடாது
என்று முடிவானது.
யூஜின் ராயப்பர் மேல் சத்தியம் செய்தான்.
சத்தியத்துக்கு
நல்ல ஆளாகத்தான் பிடித்தான்.

மாலை ஏழு தாண்டி
எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு.
கேட்டிலிருந்து டிரெய்லர் வரிசை,
கடல் பக்கமிருந்து உப்பும் டீசலும்.
டிரைவர் தேசப்பனுக்கு அருகில் ஏறி உட்கார்ந்து
ஒரு காதைப் பொத்திக்கொண்டு
நுங்கம்பாக்கம் ஷோரூமுக்குப் போன் போட்டேன்.
சும்மா விசாரிக்கத்தான்.

"பச்சையா சார்?"
பச்சைதான்.
"ராயபுரம் பக்கமா?"
ஆமாம்.
பையன் குரலைத் தாழ்த்தினான்.
"அந்தப் பக்கத்துலருந்து இன்னிக்கி
நீங்க நாலாவது சார்.
ஒரு மேடம் ஆம்பள சைஸே போதும்னுட்டாங்க.
பேரு எழுதிக்கவா?
ரெண்டு வருஷம் ஆகும்."

வெளியே வண்டி
ஒரு டயர் அளவு நகர்ந்து நின்றது.
எழுதிக்கொள்ளச் சொன்னேன்.
சத்தியம் பண்ணியது யூஜின், நானில்லை.

"மணி இன்னா சார்?" என்றார் தேசப்பன்.
முழுக்கைச் சட்டையை ஏற்றிப் பார்த்தேன்.
எதிர் லாரி வெளிச்சத்தில் முள்ளின் நீலம்.
எட்டுக்குப் பக்கத்தில்
எனக்கு மட்டும் தெரிகிற கீறல்.
ஆறு வருஷத்து வெள்ளை டயல்,
இன்னும் வெள்ளை.

"இன்னா சார்?"

மறுபடி பார்க்க வேண்டியிருந்தது.